மூன்று முறை திரும்பிப் போன அக்கா

கேள்வி: அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள், டெய்லரிங் யூனிட்டில் வேலை. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. மச்சான் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். மூன்று முறை போய்க் கூட்டி வந்தேன். ஒருமுறை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினோம், ஒருமுறை ஸ்டேஷனில் எழுதி வாங்கினோம். மூன்று முறையும் அக்காவே திரும்பிப் போய்விட்டாள். போன தீபாவளிக்கு, "இனி அங்கே போறதா இருந்தா என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டேன். போன வாரம் ஒரு விசேஷத்தில் பார்த்தேன். அந்த வெயிலில் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள், குரல் கம்மியிருந்தது. கேட்டால் சளி என்றாள். என் மனைவியிடம் மட்டும், "கழுத்தைப் பிடிச்சிட்டாரு, ராத்திரியானா பயமா இருக்கு, வேண்டாம்னாலும் விடறதில்ல" என்று சொல்லியிருக்கிறாள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவனை ஒரு வழி பண்ணுவதா, இல்லை இவள் தலையெழுத்து என்று விட்டுவிடுவதா? அவளை நிரந்தரமாக எப்படிக் கூட்டி வருவது?
— திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் கழுத்து. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

கன்னத்தில் அறைவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்றல்ல. நெரித்த கை எடுத்த பிறகும் உள்ளே ரத்தக்குழாயில் காயம் இருக்கலாம், சில நாள் கழித்துக்கூட மூச்சுத் திணறலோ பக்கவாதமோ வரலாம், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமலும் இருக்கலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்கும்போது வலிப்பது, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், நெரித்தபோது கண் இருண்டது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே நினைவில்லாமல் இருப்பது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். நீங்கள் சளி என்று கேட்டுக்கொண்டு வந்த அந்தக் குரல் இதில் ஒன்று. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், துணைவன் ஒருமுறை கழுத்தை நெரித்த பெண்கள் பின்னாளில் அவன் கையாலேயே சாகும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் வேலையில் இருக்கும் நாங்கள் ஒரு பெண்ணிடம் பேச ஆரம்பித்ததுமே கழுத்தைப் பற்றிக் கேட்பது இதனால்தான். கேட்காமல் அவர்களாகச் சொல்வது அபூர்வம், உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்கிறார் என்றால் பயம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் அக்கா அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விடவேண்டாம். அங்கே டாக்டரிடம் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாமல், "வீட்டுக்காரர் கையால கழுத்தை நெரிச்சார், இந்தத் தேதி, இந்த நேரம்" என்று சொன்னால் அது அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், ஏறும். ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்கி, உங்கள் வீட்டிலோ வேறு பத்திரமான இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேஸ் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு தாள் இரண்டு வருடம் கழித்துக்கூடப் பேசும். கீழே விழுந்ததாக ஏறிவிட்டால், அதை மாற்றி நிரூபிக்க நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நிரந்தரமாக எப்படிக் கூட்டி வருவது என்கிறீர்கள். அந்தக் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் உங்களுக்கு இருக்கும் அதே அவசரம் இருந்தது. முதுகெல்லாம் பெல்ட் தடத்தோடு வந்த ஒரு பெண்ணை அன்றைக்கே உட்காரவைத்துப் புகார் எழுதி, கையோடு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். அவர் இரண்டு முறை "நாளைக்குப் பாத்துக்கலாமா மேடம்" என்று கேட்டார். நான்தான் தைரியம் சொல்லி இழுத்துப் போனேன். கணவனைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசி, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒன்றாக அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் போனை எடுக்கவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லாவற்றையும் ஒருவன் முடிவு செய்துகொண்டிருந்தான், வெளியே வந்த இடத்தில் நான் முடிவு செய்தேன், அவர் நினைத்ததை இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

அதே வருடம் வேறொரு பெண் வந்தார். கையில் மஞ்சப்பை, காலில் செருப்பு இல்லை. பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரேஷன் கார்டுல என் பேர அவரே எடுத்துட முடியுமா?" அப்போது ஆபீஸில் இருந்த மூத்த அக்கா வேறு எதையும் தோண்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, போகும்போது "அடுத்த தடவ கேள்வி இல்லாட்டியும் வாங்க" என்று அனுப்பினார். எனக்கு அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது, கண் முன்னால் அடிபட்டவரை இப்படி விடலாமா என்று. பதினோரு மாதம் கழித்து அதே மஞ்சப்பையில் ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் டி.சி. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, இரண்டு குழந்தைகளோடு காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். இன்று சொந்தமாக இட்லிக் கடை வைத்திருக்கிறார்.

உங்கள் அக்கா மூன்று முறை திரும்பிப் போனார் என்று எண்ணிச் சொல்கிறீர்கள். மூன்று முறை வெளியே வந்திருக்கிறார் என்றும் அதையே எண்ணலாம். ஒவ்வொரு முறையும் என்ன யோசித்துத் திரும்பியிருப்பார்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, சம்பளம் அங்கே, தம்பி வீடோ வாடகை வீடு, தம்பி பெண்டாட்டிக்கு எத்தனை நாள் பாரமாக இருப்பது, வாழாவெட்டி என்று ஊர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு யார் வருவார், இதற்கு நடுவில் மச்சான் வேறு போனில் அழுதிருப்பார், பையனை விட்டுப் பேசச் சொல்லியிருப்பார். வெளியேறப் பார்க்கும்போதுதான் அடி இன்னும் மோசமாகும் என்பதும் அக்காவுக்குத் தெரியும், எங்கள் அனுபவமும் அதுதான், பிரியும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவர் திரும்பினார்.

ஆகவே தம்பி, தீபாவளிக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தில் சொன்னீர்கள், புரிகிறது, கூடப் பிறந்தவளை இப்படிப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் அக்காவின் காதில் விழுந்தது, இனி தம்பியிடமும் போக முடியாது என்பது மட்டும்தான். மச்சானுக்கும் அது தெரிந்திருக்கும், தைரியமும் வந்திருக்கும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாக வந்தது. அதே ஆய்வு இந்தியா முழுக்க எடுத்த கணக்கில், அடியோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸ், வக்கீல், எங்களைப் போன்றவர்கள் எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்தான். எங்களுக்கு முன்னால் இருக்கும் வாசல் நீங்கள்தான்.

போன் பண்ணிச் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். "அன்னைக்கு நான் பேசினது தப்பு அக்கா. எப்ப வேணாலும் வா, எத்தனை தடவ வேணாலும் வா. திரும்பிப் போனாலும் நான் உன் தம்பிதான்." இதற்கு மேல் அறிவுரை வேண்டாம். ஏன் போனாய், ஏன் பொறுத்துக்கொண்டாய் என்ற கேள்விகளும் வேண்டாம்.

நாலு பேரைக் கூட்டிப் போய் அடிப்பது கூடவே கூடாது. நீங்கள் அடித்துவிட்டு இரவு பஸ் ஏறிவிடுவீர்கள், கதவைச் சாத்திய பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அக்கா. உங்கள் மேல் ஒரு கேஸ் விழுந்தால் பிறகு அதை வைத்தே அக்காவை மடக்குவார்கள். பஞ்சாயத்தும் இனி வேண்டாம் என்பேன். அடித்தவனை எதிரே வைத்துக்கொண்டு, "ராத்திரி இப்படி நடக்கிறது" என்று எந்தப் பெண் பெரியவர்கள் நடுவில் சொல்லுவாள்? குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளிலேயே, கோர்ட் அனுப்பும் கவுன்சலிங்கில் அடித்தவர் தான் அடித்ததற்கு நியாயம் பேச இடமே கிடையாது என்று இருக்கிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பாதி நேரம் அந்த நியாயத்தைக் கேட்பதில்தான் போகிறது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதில் தொடங்கி.

அடுத்தது அந்த இரவுப் பயம். இதில் நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அக்கா உங்கள் மனைவியை நம்பிச் சொன்னது, தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் கூசிப்போய் வாயை மூடிக்கொள்ளலாம். உங்கள் மனைவியே பேசட்டும். கல்யாணம் ஆகிவிட்டால் மறுக்கக் கூடாது என்றுதான் நம் பெண்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் அக்கா முதலில் கேட்க வேண்டியது, "வேண்டாம்னா வேண்டாம்தான், நீங்க தப்பு பண்ணல அண்ணி" என்பதைத்தான். சட்டம் எங்கே நிற்கிறது என்றும் மறைக்காமல் சொல்கிறேன். பதினெட்டு வயதைத் தாண்டிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை நம் குற்றச் சட்டம் இன்னும் பாலியல் வன்புணர்வு என்று சொல்வதில்லை, புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கை அப்படியே வைத்துவிட்டார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் வன்முறையைத் தெளிவாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் இதைச் சொல்லிப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். இரண்டு பேரும் பிரிந்து வாழும்போது கணவன் வந்து கட்டாயப்படுத்தினால் அது குற்றச் சட்டத்திலேயே தண்டனைக்குரியது.

உடம்பையும் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரையோ, தொற்று வராமல் இருக்க மருந்தோ தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போனால் நல்லது, நாள் கடந்துவிட்டாலும் வலி, ரத்தப்போக்கு இருந்தால் போகத்தான் வேண்டும். கேஸ் போட்டால்தான் வைத்தியம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. இரண்டு விரல் பரிசோதனை என்று ஒன்று இருந்ததே, அதைச் சுப்ரீம் கோர்ட் 2013-லேயே கண்டித்தது, 2022-இல் அப்படிச் செய்யும் டாக்டர் ஒழுங்கீனம் செய்தவர் என்றே சொல்லிவிட்டது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

சட்டம் என்றால் போலீஸ் என்ற ஒரே வழியைத்தான் நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். "கேஸ் போட்டா அவர் ஜெயிலுக்குப் போயிடுவாரு, பிள்ளைங்க என்னைத்தான் ஏசும்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லித் தயங்கியிருக்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் அப்படித் தொடங்குவதில்லை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் என்று விசாரித்தால் அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அக்கா சொல்வதைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்று ஒன்றை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. இதற்குப் பணம் கிடையாது. கணவர் அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், மாதச் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம், பிள்ளைகளை அம்மாவிடம் வைக்கச் சொல்லலாம், தேவைப்பட்டால் கணவரையே வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு தரவும் இடம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம், ஒரு வருடம் வரை சிறை அல்லது இருபதாயிரம் வரை அபராதம், இல்லை இரண்டும். அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று அக்கா பயப்படலாம். குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அது யார் பேரில் இருந்தாலும் அங்கே இருக்கும் உரிமையை அவர் கேட்கலாம், 2020-இல் சுப்ரீம் கோர்ட் மாமனார் வீட்டு வழக்கு ஒன்றிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. உங்களுக்கு உதவக்கூடிய இன்னொன்றும் உண்டு. அக்கா தற்காலிகமாக உங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாலும் திருப்பூர் கோர்ட்டிலேயே மனுப் போடலாம், வாய்தாவுக்கு வாய்தா கரூருக்கு ஓட வேண்டாம். வக்கீல் செலவுக்கும் பயப்பட வேண்டாம், கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். இதோடு கிரிமினல் புகாரும் கொடுக்க அக்கா விரும்பினால் கொடுக்கலாம். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498ஏ பிரிவு இப்போது நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு, வாங்காமல் திரும்பாதீர்கள்.

அக்கா அடிபடுகிறார் என்ற தகவலைப் பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே கொடுக்கவும் சட்டம் அனுமதிக்கிறது, நல்லெண்ணத்தில் யார் சொன்னாலும் அவர் மேல் எந்த நடவடிக்கையும் வராது. ஆனாலும் அக்காவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஒருநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றால் அடி யாருக்கு விழும் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் போகும் நிலை என்று அலறல் கேட்டால் மட்டும் யாரையும் கேட்க வேண்டாம், 112-க்குப் போன் போட்டுவிடுங்கள்.

181 என்ற பெண்கள் உதவி எண் பற்றி அக்காவுக்குச் சொல்லுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்லாமல் சந்தேகம் கேட்க மட்டும்கூடக் கூப்பிடலாம். அவர்கள் வழியாகவே மாவட்டத்தில் இருக்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போகலாம். அங்கே கவுன்சலர் இருப்பார், ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் எதுவானாலும் துணைக்கு வருவார்கள், சில நாள் தங்கவும் இடம் தருவார்கள். நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால் வேறு விடுதிக்கு அனுப்புவார்கள். பையனுக்குப் பத்து வயது என்றீர்கள், அம்மாவோடு தங்க ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், அதை முன்பே போனில் கேட்டுவிடுங்கள். பையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற பிறகு பையனுக்கு இடம் இல்லை என்றால் அந்த நிமிடமே அக்கா திரும்பிவிடுவார், எனக்குத் தெரியும்.

அப்புறம் தயாரிப்பு. அவர் இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பதில்லை, கிளம்புகிற நாளில் கை காலியாக இருக்கக் கூடாது. ஆதார், ஸ்மார்ட் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ ஒன்று, இவற்றைப் படம் எடுத்து உங்கள் மனைவிக்கு அனுப்பிவிட்டுத் தன் போனில் அழித்துவிடலாம். மகளிர் உரிமைத் தொகை அக்கா பேரில் வருகிறதா, அந்த ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று கேளுங்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதையும் பொருளாதார வன்முறை என்று அதே சட்டம் சொல்கிறது. வேறு கிளையில் தனிக் கணக்கு ஒன்று இருந்தால் நல்லது, ஆனால் அதன் மெசேஜ் எந்த நம்பருக்கு வரும் என்று பார்த்துச் செய்யட்டும். அக்காவின் வாட்ஸ்அப் வேறு எதிலாவது திறந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் கையில் காசே இல்லாமலும் கரூர் வரை வந்துவிடலாம், எத்தனையோ பேர் எங்களிடம் அப்படித்தான் வருகிறார்கள்.

ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அம்மாவோட பிரஷர் மாத்திரை தீந்துபோச்சா?" என்று அக்கா கேட்டால் ஆபத்து, உடனே போலீஸுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பி வா என்று அர்த்தம், இந்த மாதிரி. பக்கத்து வீட்டில் நம்பகமான ஒரு பெண் இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கட்டும். பத்து வயதுப் பையனிடம், சண்டை வந்தால் நடுவில் புகாதே, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடு என்று அம்மா ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். அவன் அம்மாவைக் காப்பாற்றப் போய் அடி வாங்கிக்கொண்டிருப்பான், கேட்டால் சொல்ல மாட்டான்.

இவ்வளவும் செய்த பிறகும் அக்கா நான்காவது முறையாகத் திரும்பிப் போகலாம். அப்போது உங்களுக்கு வெறுத்துப்போகும். அன்றைக்கு என்னைப் போன்ற ஒருவரிடமோ 181-லோ நீங்களே பேசுங்கள், கூட நிற்பவர்களுக்கும் பேச ஆள் வேண்டும். அக்காவிடம் அந்தக் கோபத்தைக் காட்டாதீர்கள். பஸ் ஏற்றிவிடும்போது ஏ.ஆர். காப்பி என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அக்காவின் யூனிட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அவர் கையில் இருக்கும், மச்சானும் பக்கத்தில் இருக்க மாட்டார். உங்கள் மனைவியை அந்த நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள். நாளைக்கே. தீபாவளிப் பேச்சு, கோர்ட், பாஸ்புக் எல்லாம் அடுத்தடுத்த போனில் பேசிக்கொள்ளலாம், நாளைக்குக் கேட்க வேண்டியது இதுதான்: "தண்ணி குடிச்சா தொண்டை வலிக்குதா அண்ணி? ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன், எந்த நாள் லீவு போட முடியும்?"